பூஜையில் வைத்த ஹெல்மெட்

இரண்டாயிரமாவது ஆண்டை ஒட்டிய சமயம். பெங்களூரில் ஒரு பொறியியல் கல்லூரியில் என்ஜின் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். வாயை வைத்துப் பிழைத்தவன் நான். "உள்ள போங்க, உள்ள எடம் இருக்கு" என்று பஸ் கண்டக்டர் ஜனங்களை அமுக்குவதை வைத்தே சிலிண்டருக்குள் காற்று நெருக்கப்படுவதை விளக்கிவிடுவேன். கடைத்தெருவில் யார் எதைச் சொன்னாலும் பொறுக்கி வந்து வகுப்பில் இறக்கிவிடுவேன். பையன்கள் சிரிப்பார்கள்.

அந்த வகுப்புக்குத்தான் ஆபத்து வந்தது. புதிதாகச் சேர்ந்த பெண் விரிவுரையாளர், என்னைவிட வயதில் மிகவும் சிறியவர், ஒரு மெய்நிகர் கருவியை வரவழைத்தார். தலையில் மாட்டிக்கொண்டால் கண்ணெதிரே என்ஜின் நிற்கும். தலையைத் திருப்பினால் அதன் மறுபக்கம் தெரியும். எல்லோரும் அதை ஹெல்மெட் என்றே சொன்னார்கள்.

"சக்கத்தா இருக்கு சார். ஒரு வாட்டி மாட்டிப் பாருங்களேன்" என்றான் ஒரு பையன். சக்கத் என்றால் கன்னடத்தில் அட்டகாசம்.

"எனக்குத் தலை சுத்தும்ப்பா."

"உங்க பேச்சையே தாங்கிட்டோம் சார், இது என்ன!"

இருந்தது ஒரே ஹெல்மெட். ஒருவன் பார்க்க, மற்றவர்கள் வரிசையில் நிற்பார்கள். "என்னம்மா, தர்ம தரிசனமா?" என்று அவரிடம் கேட்டேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பும் பிடிக்கவில்லை.

தசரா விடுமுறை முடிந்ததும் என்ஜின் பாடம் எங்கள் இருவரில் ஒருவருக்கு மட்டும்தான் என்று துறைத்தலைவர் சொல்லியிருந்தார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

விடுமுறைக்கு முந்தின நாள் ஆய்வகத்தில் ஆயுத பூஜை. ஸ்ரீராம்புரத்திலிருந்து வரும் ஆய்வக உதவியாளர் அம்மாதான் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பார். வருஷா வருஷம் நடு மேஜையில் என் மர என்ஜின் மாடல் இருக்கும். அன்று அங்கே ஹெல்மெட், அதற்கு ரெண்டு முழம் மல்லிகை. என் மாடல் ஓரத்தில், ஒரு கிள்ளுப் பூவோடு. மாடலைத் தூக்கி ஹெல்மெட்டை இடித்தாற்போல வைத்தேன். அதுவும் போதாமல் வரைபடம் போடும் டி-ஸ்கொயர், சாக்பீஸ் டப்பா எல்லாவற்றையும் கொண்டுவந்து அடுக்கினேன்.

"சாக்பீஸுக்குமா சார் பூஜை?" என்றார் உதவியாளர் அம்மா.

"ஏன், அது ஆயுதம் இல்லையா?"

பூசணிக்காய் உடைத்து, பொரி கொடுத்துக்கொண்டிருக்கும்போது பல்கலைக்கழகத்திலிருந்து மூன்று பேர் வந்துவிட்டார்கள். ஹெல்மெட் பாடத்தைப் பார்க்க வேண்டுமாம். துறைத்தலைவர் மேஜைப் பக்கம் கை நீட்டினார்.

"ஐயய்யோ சார்! சாமிக்கு வெச்சதை விஜயதசமி முடியாம யாரும் தொடக்கூடாது" என்று உதவியாளர் அம்மா குறுக்கே நின்றுவிட்டார். துறைத்தலைவர் கையை இழுத்துக்கொண்டார். எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. ஹெல்மெட் இல்லாமல் இந்தப் பெண் என்ன செய்துவிடும்?

"நீவே மாத்தாடி சார்" என்று துறைத்தலைவர் கன்னடத்தில் என்னைப் பேசச் சொன்னார். எழுதிக் காட்டச் சாக்பீஸைத் தேடியது கை. அதுவும் பூஜையில். பரவாயில்லை என்று கண்டக்டரை இறக்கினேன். வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"நீங்களும் அஞ்சு நிமிஷம் சொல்லுங்கம்மா" என்று துறைத்தலைவர் அந்த விரிவுரையாளர் பக்கம் திரும்பினார்.

"எல்லாரும் எழுந்து நின்னு கண்ணை மூடிக்கோங்க" என்றார் அவர். "இப்ப சிலிண்டருக்குள்ள இருக்கீங்க. நாலு பக்கமும் வழவழன்னு இரும்பு. மேல ஒரு கதவு தொறக்குது, சில்லுனு காத்து, பெட்ரோல் வாசனை. கால் கீழ தரை இறங்குது, பாத்து..."

மாணவர்கள் முழங்காலை மடக்கினார்கள். வந்த மூவரும் மடக்கினார்கள்.

"கதவு மூடியாச்சு. இப்ப தரை மேல வருது. தலை இடிக்கப்போவுது, குனிங்க."

கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டிருந்த நானும் குனிந்துவிட்டேன். யாரும் சிரிக்கவில்லை. அதுவரை எல்லாப் பழியையும் அந்த ஹெல்மெட் மேல் போட்டிருந்தேன். இனி அதற்கும் வழியில்லை.

விடுமுறை முடிந்து பாடம் அவருக்குப் போனது. எனக்கு முதலாண்டு ஒர்க்‌ஷாப். அவர் வகுப்பு நடக்கும்போது அந்த வராந்தாவில் மெதுவாக நடப்பேன்.

"உள்ள வாங்க சார், ஏன் வெளியவே நிக்கறீங்க?"

"இல்லம்மா, தண்ணி குடிக்கப் போறேன்."

குடிதண்ணீர்க் குழாய் கட்டடத்தின் மறுகோடியில் இருந்தது.