மூன்றாம் மாடிக்கு ஏறாத தண்ணீர்

என் அக்கா புருஷனைக் கடைத்தெருவில் ‘குதிரை’ என்பார்கள். பம்பு வியாபாரி. யார் வந்து என்ன கேட்டாலும், “எத்தனை குதிரை சக்தி வேணும்?” என்றுதான் ஆரம்பிப்பார். ஊரே தன் தயவில்தான் தண்ணீர் குடிக்கிறது என்பதுபோல அளப்பார். எனக்கு மாமா முறை. அந்த முறைக்காகத்தான் இந்த ‘ர்’ விகுதியெல்லாம் போட்டு எழுதுகிறேன்.

அவர் பம்பு விற்கும் அழகே அழகு. கடை வாசலில் டிரம் நிறையத் தண்ணீர் இருக்கும். சுவிட்சைத் தட்டினால் தொடை தடிமனுக்குக் குபுகுபுவென்று பாயும். வந்தவன் வாயைப் பிளப்பான். மூடுவதற்குள் பில் போட்டுவிடுவார். தரையோடு தரையாகப் பாய்வதற்கு என்ன, கவிழ்த்த வாளித் தண்ணீர்கூடத்தான் பாயும்! எவ்வளவு உயரம் ஏற்றும் என்பதல்லவா கேள்வி? அதைத்தான் ‘ஹெட்’ என்று போட்டு, இத்தனை மீட்டர் என்று பம்பின் தகட்டிலேயே அடித்திருக்கிறார்கள். அதற்கு மேல் தலைகீழாக நின்றாலும் ஏறாது. குழாய் ஒல்லியாக இருந்தாலும், வளைந்து வளைந்து போனாலும், அந்த உயரத்திலும் கொஞ்சம் குறையும். பெட்டிக்குள் வரும் தாளில் இதெல்லாம் தெளிவாக இருக்கிறது. அந்தத் தாளின் மேல்தான் அவர் டீக்கிளாஸ் வைப்பார்.

அப்பேர்ப்பட்டவர் வீடு கட்டினார். கீழே கிடங்கு, முதல் மாடியில் நான், இரண்டாவது காலி, மூன்றாவதில் அவரும் அக்காவும். உச்சியில் குடியிருந்தால்தான் கௌரவமாம். குழாய் வெளியே தெரிந்தால் அசிங்கமாம். அதனால் ஒல்லிக் குழாயை வீட்டின் பின்பக்கம் சந்து சந்தாக வளைத்து மேலே கொண்டுபோனார். கடையில் எது அதிகமாகத் தண்ணீர் கக்குமோ அந்த ஐந்து குதிரை பம்பைத் தூக்கிவந்து கீழ்த்தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தார்.

குடிவந்த அன்று சுவிட்சைப் போட்டார். முதல் மாடியில் ஜோராக வந்தது. இரண்டாவதில் சுமாராக வந்தது. மூன்றாம் மாடிக் குழாய் ‘உஸ்’ என்று பெருமூச்சு விட்டது, அவ்வளவுதான்.

“புது மோட்டாரு. கொஞ்சம் ஓடிப் பழகணும்.”

“அது என்ன மாடா, பழகறதுக்கு?” என்றேன்.

ஓடிக்கொண்டேதான் இருந்தது. ஏற வழியில்லாத தண்ணீர் பம்புக்குள்ளேயே சுற்றிச் சுற்றிச் சூடேறியது. அக்கா தொட்டுப் பார்த்துவிட்டு, “டீ போட்டுக்கலாம் போலிருக்கே” என்றாள்.

பாவம், அவளுக்கு ஏற்கெனவே முழங்கால் வலி. இரண்டாம் மாடியில் பிடித்து, வாளி வாளியாக மேலே சுமந்தாள். சமையலுக்கு, பாத்திரத்துக்கு, இவர் குளிப்பதற்கு. நடுப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவாள். ‘குதிரை’ மூன்றாம் மாடியில் துண்டோடு நின்று, “சீக்கிரம் வா, கடைக்கு நேரமாச்சு” என்பார்.

பொறுக்க முடியாமல் ஒரு நாள் கேட்டேவிட்டேன். “மாமா, இந்தப் பம்புத் தகட்டுல ஹெட்டு என்ன போட்டிருக்குன்னு பாத்தீங்களா? உயரம் ஏத்தற ரெண்டு குதிரை பம்பு உங்க கடையிலயே கிடக்குதே, அதை வைங்களேன்.”

“ரெண்டு குதிரையா? என் வீட்டுலயா? நாலு பேரு சிரிக்க மாட்டான்?”

சிரிப்பார்களாம்! பெண்டாட்டி கால் போனால் மட்டும் யாரும் சிரிக்க மாட்டார்கள் போலிருக்கிறது. மறுநாள் அதே மாதிரி இன்னொரு பம்பைக் கொண்டுவந்து, பழையதற்குப் பக்கத்தில் வைத்து, அதே குழாயில் இணைத்தார். “இப்ப பத்துக் குதிரை!” என்று மீசையைத் தடவினார். இரண்டு முக்காலியைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் பரண் எட்டுமா? மேலே ‘உஸ்’ மட்டும் கொஞ்சம் பலமாகக் கேட்டது.

அந்த வாரமே அக்கா வாளியோடு படியில் உட்கார்ந்துவிட்டாள். கால் மடங்கவில்லை, அழுதாள். நான்தான் தாங்கிப் பிடித்து இரண்டாம் மாடிக்குள் கொண்டுபோனேன். சாயங்காலத்துக்குள் அடுப்பும் பாயும் பாத்திரங்களும் அங்கேயே வந்துவிட்டன.

“இது என்ன கூத்து?” என்று இறங்கிவந்தார் மாமா.

“தண்ணி எதுவரைக்கும் வருதோ, நானும் அதுவரைக்கும்தான்.”

“அப்ப மேல நான் மட்டுமா?”

“பத்துக் குதிரை இருக்கே, துணைக்கு.”

அதற்குப் பிறகு தன் குளியலுக்குத் தானே வாளி சுமந்தார். அப்போதுதான் புத்தி வந்தது. ஒரு நாள் காலையில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, துண்டால் தகட்டைத் துடைத்துத் துடைத்துப் படித்துக்கொண்டிருந்தார், விற்றே நரைத்துப்போன மனுஷன்! இரண்டு குதிரை பம்பு வந்தது. யாரும் பார்த்துவிடக் கூடாதென்று அதன் மேல் சாக்கைப் போட்டு மூடினார். தண்ணீர் சத்தமில்லாமல் மூன்றாம் மாடிக்குப் போய்ச் சேர்ந்தது.

நனைந்த கையோடு ஓடிவந்தார். “ஏறிடுச்சு! வா, மேல போகலாம்.”

அக்கா காலை நீட்டியபடியே உட்கார்ந்திருந்தாள். முழங்கால் வீங்கி, மினுமினுவென்று இருந்தது.

“தண்ணி ஏறிடுச்சு, சரி. என் காலு ஏறாதே” என்றாள்.