அம்மாவின் முடியில் கட்டிய விமானம்

எங்கள் அம்மாவுக்கு வெயில் காலத்தில் மட்டும் வயிற்றுவலி வரும். மழைக்காலத்தில் கல்லைத் தின்றாலும் செரிக்கும். அது ஒரு விசித்திரமான உடல்வாகு என்றே நான் வெகுநாள் நம்பியிருந்தேன்.

ஆறாம் வகுப்பு விடுமுறையில் சென்னை மாமா எனக்கு ஒரு விளையாட்டு விமானப் பெட்டி வாங்கி வந்தார். பிளாஸ்டிக் பாகங்களை நாமே ஒட்டிச் செய்ய வேண்டும். மேலொன்று கீழொன்றாக இரட்டை இறக்கை வைத்த அந்தக் காலத்து விமானம். அட்டைப் படத்தில் இறக்கைகளை இழுத்துப் பிடிக்கும் கம்பிகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடின. பெட்டிக்குள் அப்படி எதுவும் இல்லை. தையல் நூலைக் கட்டிப் பார்த்தேன். ஒரு சாண் விமானத்தில் அது துணி காயப்போடும் கொடி மாதிரி இருந்தது. நான் அழுகிற நிலைக்கு வந்ததும் அப்பா அம்மாவின் சீப்பிலிருந்து நீளமான முடிகளை உருவி எடுத்தார்.

அப்பா ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குகிறவர். பதறாத கை. நான் இறக்கையைப் பிடித்துக்கொள்ள, அவர் முடியைத் துளைகளில் கோத்து, இழுத்து, துளி பசை வைத்தார். அசல் கம்பி தோற்றது.

ஆனால் மழை பெய்தால் கம்பிகள் தொங்கின. வெயில் அடித்தால் விறைத்துக்கொண்டன. அப்பாவிடம் முறையிட்டேன்.

"காத்துல ஈரம் இருந்தா முடி நீளும். காஞ்சா இறுகும்" என்றவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "அம்புட்டுக் காஞ்ச நாள்ல மருந்துக்கும் கோவம் சாஸ்தி. லேசா உரசுனாலே போதும்."

அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்கவில்லை என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் வீடு கூட்டும்போது அம்மா விமானத்தின் கம்பியை நகத்தால் சுண்டிப் பார்ப்பாள். என் கைவேலையை அவள் ரசிப்பதில் எனக்கு ஏகப் பெருமை. சில நாள் கம்பெனி வேன் ஹாரன் அடிக்கும் நேரம் பார்த்து அவளுக்கு வயிற்றுவலி வந்துவிடும். சீசன் நேரத்தில் இதென்ன சோதனை என்று புலம்பியபடி அப்பா லீவு போடுவார்.

தொங்கும் கம்பிகள் எனக்குப் பொறுக்கவில்லை. ஆனைக்குட்டம் அணையில் மீன் பிடிக்கப் போகும் பக்கத்து வீட்டு அண்ணனிடம் மெல்லிய தூண்டில் நரம்பு வாங்கி, எல்லாவற்றையும் மாற்றினேன். மறுநாள் காலை அம்மா சுண்டினாள். மறுபடியும் சுண்டினாள்.

"என்னடி இது?"

"நைலான்மா. இனிமே தொங்காது."

பாராட்டுவாள் என்று நிமிர்ந்தால், பளாரென்று அறை விழுந்தது.

"யாரைக் கேட்டுடி மாத்துன?"

அதற்குள் அப்பாவை ஏற்றிக்கொண்டு வேன் போய்விட்டது. அம்மா அன்று உலை வைக்கவில்லை. வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தாள். அவள் முடியைக் குப்பையில் போட்டதற்குத்தான் இவ்வளவு கோபம் என்று நினைத்து, பக்கத்தில் போய் மன்னிப்புக்கூடக் கேட்டேன். என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

சாயங்காலம் அப்பா முழுசாக வந்து இறங்கினார். அம்மா கொண்டையை அவிழ்த்து, தலையிலிருந்தே முடிகளைப் பிடுங்கி அவரிடம் நீட்டினாள்.

"பழையபடி கட்டிக் குடுங்க."

அப்பா விமானத்தைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து கட்டினார்.

சில நாள் கழித்து, நல்ல வெயில். வேன் ஹாரன் அடித்தது. செருப்பை மாட்டிய அப்பா திரும்பி வந்து, அவரே கம்பியைச் சுண்டினார். சாப்பாட்டுத் தூக்கைக் கீழே வைத்தார்.

"இன்னிக்கு எனக்கு வயிறு வலிக்கி" என்றார்.

அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். வயிற்றுவலி தொற்றுநோய் என்று அன்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவைத்தேன்.