தலைமைத் தட்டுநர் கதவைத் திறந்தபோது

என் அண்ணன் ஓர் உலகத்தைப் படைத்துக்கொண்டிருந்தான், மருத்துவமனைத் துணி துவைத்த நேரம் போக மீதி நேரத்தில். படைப்பு என்றால் சும்மா இல்லை. விண்வெளியில் போய்க்கொண்டே இருக்கும் ஒரு கப்பல், அதில் தலைமுறை தலைமுறையாகப் பிறந்து சாகிற ஜனங்கள், அவர்களுக்கென்று தனிக் காலண்டர், சாக்கடைத் திட்டம், மூன்று வகைச் செருப்பு. செருப்பில் ஏன் மூன்று வகை என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். ஈர்ப்பு விசையில் ஆரம்பித்தான். அடுப்பில் பால் பொங்கி வழிந்த பிறகும் விடவில்லை.

எல்லாம் இருந்தது, கதை மட்டும் இல்லை.

"கதை எங்கண்ணா?" என்று கேட்டால், "முதல்ல உலகம் உறுதியா நிக்கணும். நின்னுட்டா கதை தானா நடக்கும்" என்பான். அண்ணி ஒருநாள் பொறுக்க முடியாமல் சொன்னாள்: "அந்தக் கப்பல்ல சாக்கடை நல்லா ஓடுதாம். நம்ம குளியலறையில தண்ணி கணுக்கால் வரைக்கும் நிக்குது. அதையும் உங்க பிரபஞ்சத்துல சேத்துக்கோங்க." அன்றிலிருந்து அவனுக்குப் பிரபஞ்சம் என்றே பெயர் ஆகிவிட்டது. நான்தான் அதைச் சலவைக்கூடத்துக்கும் கொண்டுபோய்ப் பரப்பினேன். எனக்கு அதில் வருத்தமே இல்லை.

நாங்கள் இரண்டு பேரும் வேலை பார்த்தது ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைக்கூடத்தில். அதை நடுவில் ஒரு சுவர் இரண்டாக வெட்டும். அந்தப் பக்கம் அழுக்கு, இந்தப் பக்கம் சுத்தம். துவைக்கும் இயந்திரங்கள் அந்தச் சுவருக்குள்ளேயே பதிந்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு கதவு. அண்ணன் அழுக்குப் பக்கக் கதவு வழியாக ரத்தக்கறைப் போர்வைகளைத் திணிப்பான். துவைத்து முடிந்ததும் சுத்தப் பக்கக் கதவு வழியாக, துணி மடிப்பதால் நாங்கள் மடிப்பக்கா என்று கூப்பிடும் அக்கா எடுப்பாள். ஒரு கதவு திறந்திருந்தால் மற்றது பூட்டிக்கொள்ளும்; கிருமி தாண்டி வரக் கூடாது என்பதற்காக. அழுக்குப் பக்கத்து ஆள் சாப்பாட்டுக்கு வருவதென்றாலும் குளித்து உடை மாற்றித்தான் வர வேண்டும். நான் சுத்தப் பக்கம், கிழிந்த துணி தைக்கும் மேஜையில் இருந்தேன்.

இயந்திரம் தயார் என்று காட்டச் சுவரில் ஒரு பச்சை விளக்கு உண்டு. அது எரிந்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள், எரியாவிட்டாலும் நம்ப மாட்டார்கள். அதனால் அண்ணன் துணியைப் போட்டுவிட்டுச் சுவரில் இரண்டு தட்டு தட்டுவான். அக்கா எடுத்துக் கதவை மூடிவிட்டு ஒரு தட்டு தட்டுவாள். சாப்பாட்டு நேரம் தவிர ஒருவர் முகம் ஒருவர் பார்க்காமல் வருஷக்கணக்காக இப்படித்தான் வேலை ஓடியது.

இந்த லட்சணத்தில், ஜனங்களுக்கு ஒரு நம்பிக்கை வேண்டும், நம்பிக்கை இல்லாத உலகம் முழு உலகம் ஆகாது என்று அண்ணனுக்குத் தோன்றிவிட்டது. சோறு தண்ணீர் மறந்து யோசித்து ஒரு மதத்தைக் கொண்டுவந்தான். கப்பலின் முன்பக்கத்தில் ஒரு பெரிய கதவு. அதற்குள் ஒரு நடு அறை. அந்த அறைக்கு அப்பால் இன்னொரு கதவு. அதற்கும் அப்பால் இருப்பவர்கள்தான் கப்பலை ஓட்டுகிறார்கள் என்பது நம்பிக்கை. ஜனங்கள் தினமும் வந்து கதவைத் தட்ட வேண்டும். பல தலைமுறையாகப் பதில் தட்டே வந்ததில்லை. தட்டுவதை நடத்திவைப்பவருக்குத் தலைமைத் தட்டுநர் என்று பதவி. காற்று வெளியேறிவிடாமல் இருக்க, ஒரு கதவு திறந்தால் மற்றது பூட்டிக்கொள்ளும்.

"அண்ணா, இது நம்ம மிஷினுதானே?" என்றேன்.

"மிஷினா? இது தத்துவம்! உனக்கு ஊசி நூலத் தவிர என்ன தெரியும்?" என்று எரிந்து விழுந்தான். நானும் சும்மா விடவில்லை. தத்துவத்தின் சட்டைக்குப் பொத்தான் தைத்துத் தருவது யார் என்று கேட்டேன்.

சாப்பாட்டு இடைவேளையில் உணவுக்கூடத்தில் அதை வாசிக்க ஆரம்பித்தான். முதலில் எல்லோரும் சிரித்தார்கள். பிறகு பிடித்தது சனி. துணி ஏற்றிவரும் வண்டிக்காரர், வண்டியைக் கிளப்பும் முன் முன்பக்கத் தகரத்தை இரண்டு முறை தட்ட ஆரம்பித்தார். கொதிகலன் பார்க்கிறவர் "நிரூபிக்க முடியுமா?" என்று எதிர்க்கட்சி ஆனார். வண்டிக்காரர் உள்ளங்கையால் தட்டினார். அண்ணன் எழுதியிருந்ததோ விரல் முட்டியால்.

"முட்டியாலதான் தட்டணும். அப்படித்தான் எழுதியிருக்கேன்" என்றான் அண்ணன்.

"எலும்பால இடிக்கறதா? ஒரு மரியாதை வேணாமா?" என்றார் வண்டிக்காரர்.

"யோவ், அத எழுதினவனே நான்தான்யா!"

"எழுதிட்டா ஆச்சா? உங்களுக்கு அதுல பக்தி இருக்கா? அதச் சொல்லுங்க முதல்ல."

அன்று முதல் உள்ளங்கைக்காரர்கள் ஒரு மேஜை, முட்டிக்காரர்கள் ஒரு மேஜை என்று பிரிந்து உட்கார்ந்தார்கள். படைத்தவனுக்கு இரண்டு மேஜையிலும் இடம் இல்லை. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பொருமிக்கொண்டு சாப்பிட்டான். உணவுக்கூடத்தில் மேஜையைத் தட்டக் கூடாது என்று மேற்பார்வையாளர் அறிவிப்பு ஒட்டினார். அதை ஒட்டும்போது பசை பிடிக்கவேண்டுமென்று அவரே இரண்டு தட்டு தட்டியதைப் பார்த்து இரண்டு கட்சியும் கைதட்டின.

இந்தக் கூத்தில் சேராதவள் மடிப்பக்கா ஒருத்திதான். ஆனால் ஒரு வரி விடாமல் கேட்பாள். அவளுடைய மகன் சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டுப் போனவன். எங்கே இருக்கிறான் என்று தெரியாது. தினமும் சாப்பிட்டு முடித்ததும் அவன் எண்ணுக்குப் போன் போடுவாள். மணி அடித்து அடித்துத் தானாக நின்றுவிடும். "எடுக்கல" என்று சொல்லிவிட்டு டப்பாவைக் கழுவப் போவாள். விட்டுடுங்கக்கா என்று சொல்லிப் பார்க்காத ஆள் இல்லை. நானே சொல்லியிருக்கிறேன், எனக்கு வேறு வேலை இல்லாமல்.

ஒருநாள் அவள் அண்ணனிடம், "தம்பி, பதிலே வராம அத்தன காலமா தட்டறாங்களா அந்த ஜனங்க?" என்று கேட்டாள். ஆமாக்கா என்றான். "நல்ல ஜனங்க" என்றாள். அதைவிடப் பெரிய விமர்சனம் அவனுக்கு அதுவரை கிடைத்ததில்லை. இரண்டு நாள் தலைகால் புரியாமல் திரிந்தான்.

அதற்குள் ஒரு பதிப்பாளர் கிடைத்துவிட்டார். முன்பாதியைப் படித்துவிட்டுப் போனில் பேசினார். "சார், பிரமாதம். ஆனா முடிவுல சாமி இல்லன்னு பளிச்சுனு காட்டணும். இல்லன்னா இருக்குன்னு பளிச்சுனு காட்டணும். ரெண்டுல ஒண்ணு விக்கும். நடுவுல நின்னா எதுவும் விக்காது. உங்க எழுத்தப் பாத்தா அறிவியல் ஆளா தெரியுது, இல்லன்னே முடிச்சிடுங்க." இறைவன் உண்டா இல்லையா என்பதை இவ்வளவு சுருக்கமாகத் தீர்த்துவைத்தவர் வேறு யாரும் இருக்க முடியாது. அண்ணன் சரி என்றான். தன் பெயர் அட்டையில் வரவேண்டும் என்று எத்தனை வருஷமாகக் காத்திருந்தான் என்பது எனக்குத் தெரியும். அதனால் நானும் ஒன்றும் சொல்லவில்லை.

கடைசி அத்தியாயத்தை உணவுக்கூடத்தில் வாசித்தான். தலைமைத் தட்டுநர் சட்டத்தை மீறிக் கதவைத் திறக்கிறார். உள்ளே வெற்று அறை, தூசி. "யாரும் இல்லை" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொல்கிறார். ஜனங்கள் கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். முற்றும்.

கொதிகலன்காரர் எழுந்து நின்று கைதட்டினார். வண்டிக்காரர், "என் வண்டில இனி உங்க துணிய ஏத்த மாட்டேன்" என்று கத்தினார். துணி மருத்துவமனையுடையது என்று யாரோ நினைவூட்டினார்கள். இந்தக் களேபரத்தில் நான் மடிப்பக்காவைப் பார்த்தேன். சாப்பிட்டு முடித்துவிட்டாள். போனைக் கையில் எடுத்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பைக்குள் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள்.

மறுநாளும் போன் போடவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. வேலையில் ஒரு குறை கிடையாது. போர்வைகள் முனைக்கு முனை சரியாக மடிந்தன. முகத்தில்தான் ஒன்றும் இல்லை. என்னக்கா என்று கேட்டேன்.

"கதன்னு எனக்குத் தெரியாதா? ஆனா தம்பி படிச்ச பிள்ள. யோசிச்சுத்தானே எழுதியிருக்கும். பதில் வராத இடத்துல ஆள் இல்லன்னுதானே அர்த்தம்" என்றாள்.

வீட்டுக்குப் போனதும் அவனைப் பிடித்துக்கொண்டேன். "உன் புத்தகத்துல இடி விழ! அந்தப் பொம்பளைக்கு இருந்தது அந்த ஒரு போனுதான். அதையும் பிடுங்கிட்டியே, நீயெல்லாம் மனுஷனா?"

"நான் கப்பலப் பத்தி எழுதினேன். அவங்க பையனப் பத்தியா எழுதினேன்?" என்றான். குரல் உயரவில்லை. அண்ணி தட்டில் சோறு வைத்தாள். அளைந்துவிட்டு எழுந்துவிட்டான். அவன் சோற்றை மிச்சம் வைத்து நான் பார்த்தது அன்றுதான்.

அடுத்த நாள் சாப்பாட்டு நேரத்தில் அவன் வரவில்லை. எல்லோரும் பாதி சாப்பிட்டு முடித்த பிறகு ஓடிவந்தான். தலையில் தண்ணீர் சொட்டியது, பொத்தான்களை மாற்றி மாற்றிப் போட்டிருந்தான். நேராக மடிப்பக்கா முன்னால் போய் நின்றான்.

"அக்கா, தப்பு. என் கதையில பெரிய தப்பு பண்ணிட்டேன்."

செருப்பில் ஒரு வாரைக்கூட விட்டுக்கொடுக்காதவன் அவன். இரண்டு மேஜையும் திரும்பிப் பார்த்தன.

"ஒரு கதவு திறந்தா இன்னொண்ணு பூட்டிக்கும்னு நான்தானே எழுதினேன்? அப்போ அந்தத் தட்டுநர் என்னத்தப் பாத்தார்? நடு அறைய மட்டும்தான் பாத்தார். அதுக்கு அந்தப் பக்கம் இருக்கற கதவு பூட்டியிருந்துச்சு. அதத் தாண்டி அவரால பாக்கவே முடியாது. யாரும் இல்லன்னு எப்படிச் சொன்னார்?"

"அடடே" என்றார் கொதிகலன்காரர், தன்னையறியாமல்.

"இன்னிக்கு மிஷின் கதவத் திறக்கறேன், உள்ள வெறும் டிரம்மு. இத்தன வருஷமா அதத்தான் பாக்கறேன். அதுக்காக அந்தப் பக்கம் நீங்க இல்லன்னு ஆயிடுமா?"

அக்கா அவனை நிமிர்ந்து பார்த்தாள். "அப்போ அந்தப் பக்கம் ஆள் இருக்காங்களா?"

இங்கே ஒரு பொய் சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன். அவன் தலையைச் சொறிந்தான். "தெரியாதுக்கா. இருக்காங்கன்னு நான் சொல்லல. இல்லன்னு சொல்ற தகுதி அந்த ஆளுக்கும் இல்ல, எனக்கும் இல்ல."

அங்கேயே பதிப்பாளருக்குப் போன் போட்டான். முடிவு தப்பு, மாற்ற வேண்டும் என்றான். அவர் கத்தியது எல்லோருக்கும் கேட்டது. அட்டையில் வெற்று அறைதான் போட்டிருக்கிறதாம், படம் வரைந்தாகிவிட்டதாம், எந்த வாசகன் இரண்டாவது கதவைப் பற்றிக் கேட்கப் போகிறானாம். "மாத்தினா புத்தகம் வராது சார். நல்லா யோசிச்சுக்கோங்க."

அண்ணன் யோசித்தான். அவன் முகத்தைப் பார்க்க எனக்கே பொறுக்கவில்லை. "அப்போ வேணாம் சார்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தான். பிறகு என் டப்பாவை இழுத்துவைத்து, என் சாப்பாட்டையே சாப்பிட ஆரம்பித்தான்.

அவனுக்கு அந்தத் தப்பு உண்மையிலேயே அன்றுதான் தெரிந்ததா, இல்லை அக்காவுக்காகத் தேடிக் கண்டுபிடித்தானா என்று நான் இன்றுவரை கேட்டதில்லை. கேட்டால் ஈர்ப்பு விசையில் ஆரம்பிப்பான்.

மடிப்பக்கா பையிலிருந்து போனை எடுத்தாள். எண்ணைப் போட்டுக் காதில் வைத்தாள். கொதிகலன்காரர் கையில் எடுத்த கவளத்தை அப்படியே வைத்திருந்தார். மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது, பிறகு நின்றது.

"எடுக்கல" என்றாள். டப்பாவைக் கழுவ எழுந்தவள், என்னிடம் குனிந்து சொன்னாள்: "ஆனா மணி அடிக்குது பாத்தியா? போன்ல சார்ஜ் இருந்தாத்தானே அடிக்கும். யாரோ சார்ஜ் போடறாங்கல்ல?"

ஆமாக்கா என்றேன். மேஜைக்குத் திரும்பிப்போய்த் தையல் இயந்திரத்தை மிதித்தேன், கண்ணைத் துடைக்காமலே மிதித்தேன். நிறுத்திப் பார்த்தபோது தலையணை உறையின் நாலு பக்கத்தையும் சேர்த்துத் தைத்து வைத்திருந்தேன்.