பதினெட்டு என்று சொன்ன குரல்

பஸ் டிப்போவில் அவருக்கு டைம்கீப்பர் வேலை. வாசலை ஒட்டிச் சின்ன அறை, ஒரு ஜன்னல், ஒரு கடிகாரம். வண்டி வெளியே போகும் நிமிஷத்தையும் உள்ளே வரும் நிமிஷத்தையும் பதிவேட்டில் எழுத வேண்டும். முப்பத்து நான்கு வருஷம் எழுதினார். ஆனால் தெருவில் அவருக்குப் பெயர் முடிச்சு சார். அந்த முப்பத்து நான்கில் பதினைந்து வருஷம், பக்கத்துப் பள்ளிக்கூடத்தின் சாரணர் படையைச் சம்பளமில்லாமல் நடத்தினார். சட்டைப்பையில் எப்போதும் ஒரு முழக் கயிறு இருக்கும். டீக்கடையில் நிற்கும்போதும் கை தன் பாட்டுக்கு முடிச்சுப் போட்டு அவிழ்த்துக்கொண்டிருக்கும். ஊரில் இருக்கிற பஸ்ஸுக்கெல்லாம் நேரம் எழுதுகிறவர் வீட்டுக்கு வருகிற நேரத்தை மட்டும் யாராவது எழுதிக் கொடுத்தால் தேவலை என்பாள் அவர் மனைவி. அப்போதெல்லாம் அவர் சிரிப்பார்.

சனிக்கிழமை மாலைகளில் பள்ளி மைதானத்தில் இருபத்து நான்கு பையன்கள் வந்து நிற்பார்கள். அணிக்கு ஆறு பேராக நான்கு அணி. காக்கிச் சட்டை, கழுத்தில் ஸ்கார்ஃப். சாரணர் முறைப்படி இடது கையை நீட்டிக் குலுக்கப் பழகாமல் புதுப் பையன்கள் தடுமாறும்போது மற்றவர்கள் குபீரென்று சிரிப்பார்கள். வருஷத்துக்கு மூன்று முறை வெளியே அழைத்துப் போவார். ஒரு முறை குன்று, ஒரு முறை ஏரி, ஒரு முறை பாலத்தடி ஆற்றங்கரை. அடுப்பு மூட்டுவது, கூடாரம் கட்டுவது, பாத்திரம் கழுவுவது, எல்லாவற்றுக்கும் அணிக்கு மதிப்பெண் உண்டு. ஒரு பொருளைத் தொலைத்தால் ஐந்து மதிப்பெண் போய்விடும். வருஷக் கடைசியில் முதலிடம் வரும் அணிக்குப் படையின் கொடியைத் தூக்கும் உரிமை. அதற்காகப் பையன்கள் உயிரை விடுவார்கள் என்று அவரே பெருமையாகச் சொல்லியிருக்கிறார். பிறகு அந்தச் சொல்லை அவர் எங்கும் பயன்படுத்தவில்லை.

எந்த இடத்தை விட்டுக் கிளம்பினாலும் வரிசையில் நின்று எண் சொல்ல வேண்டும். அது அவர் வைத்த வழக்கம். ஒன்று, இரண்டு என்று இருபத்து நான்கு வரை ஓடும். ஒருவன் எண் அவனுக்கு வருஷம் முழுக்க மாறாது. மூன்றாம் அணியின் பதினேழு அவருடைய மகன். பதினெட்டு அவன் சிநேகிதன், படையிலேயே குள்ளம், கொசு என்று கூப்பிடுவார்கள். கொசுவின் அம்மா அடுத்த தெருவில் சீருடை தைக்கும் கடை வைத்திருந்தாள். இருபத்து நான்கு ஸ்கார்ஃபும் அவள் தைத்துக் கொடுத்தவை.

அந்த வருஷம் மூன்றாம் அணி இரண்டு மதிப்பெண் முன்னால் இருந்தது. ஆற்றங்கரையில் பாத்திரம் கழுவும் முறையும் அதற்கே வந்தது. சாப்பிட்டு முடித்துச் சாமான்களை ஏற்றும்போது மணி மூன்றரை. டிப்போவிலிருந்து வாடகைக்கு எடுத்த பழைய பஸ். அவர் அதன் பின் ஏணியில் நின்று பெரிய அண்டாவைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். வரிசை அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது. எண் சொல்லச் சொன்னார். எண்கள் ஓடின.

பதினேழு என்றது அவருடைய மகன் குரல். அந்த மாதம்தான் அது உடைய ஆரம்பித்திருந்தது. பதினெட்டு என்றதும் அதே குரல், கொசுவைப் போலக் கீச்சென்று நெருக்கிச் சொன்னது. அவருக்குக் கேட்டது. பக்கத்துப் பக்கத்தில் நின்று இரண்டு பேரும் விளையாடுகிறார்கள் என்று நினைத்தார். ஏணியில் நின்றபடியே சிரிப்புக்கூட வந்தது. திரும்பிப் பார்க்கவில்லை; முடிச்சு பாதியில் இருந்தது. பஸ்ஸில் உட்கார்ந்ததும் மதிப்பெண் நோட்டை எடுத்து எழுதினார்: அணி மூன்று, 17ம் 18ம் ஒரே குரல், ஒழுங்கு, ஒன்று குறைவு.

ஒன்பது கிலோமீட்டர் தள்ளி ரயில்வே கேட்டில் வண்டி நின்றது. பன் கொடுத்தார்கள். ஒரு பன் மிஞ்சியது.

ஆற்றங்கரைக்குத் திரும்பிப் போனபோது மூன்றாம் அணியின் சோற்றுக் கரண்டி தண்ணீர் ஓரத்துக் கல்லின்மேல் இருந்தது. தேய்த்துக் கழுவி வெயிலில் வைத்திருந்தது. கொசு மறுநாள் ஆற்றில் இரண்டு திருப்பம் கீழே கிடைத்தான்.

தலைமையாசிரியர் அறையில் மூன்று பேர் உட்கார்ந்து விசாரித்தார்கள். இருபத்து மூன்று பையன்களும் எண் இருபத்து நான்கு வரை வந்தது என்றார்கள். அவருடைய மகனும் தரையைப் பார்த்தபடி அதையே சொன்னான். அவரிடம் எண்ணிக்கை சரியாக இருந்ததா என்று கேட்டார்கள். இருந்தது என்றார். நோட்டை யாரும் கேட்கவில்லை. சிறுவன் எண் சொன்ன பிறகு யாரிடமும் சொல்லாமல், உத்தரவை மீறித் தண்ணீருக்குத் திரும்பிப் போயிருக்கிறான் என்று அறிக்கை எழுதினார்கள். யார்மீதும் குற்றமில்லை. அடுத்த சனிக்கிழமை மைதானத்துக்கு ஐந்து பேர் வந்தார்கள். அதற்கடுத்த வாரம் யாரும் வரவில்லை.

அந்த அறிக்கையை யாரோ கொசுவின் அம்மாவுக்குப் படித்துக் காட்டினார்கள். அவள் அதை அப்படியே நம்பினாள். சட்டைக்கு அளவு கொடுக்க வருகிற பிள்ளைகளிடம், சொன்ன பேச்சைக் கேளுங்கப்பா, என் வீட்டில் ஒருத்தன் கேட்காமல் போனான் என்பாள். அவருடைய மனைவி இதை ஒரு நாள் வீட்டில் வந்து சொன்னாள். அதற்குப் பிறகு அவர் டிப்போவுக்கு மார்க்கெட்டைச் சுற்றிக்கொண்டு போனார். நேர்வழி அவள் கடை இருக்கும் தெரு வழியாக நான்கு நிமிஷம். சுற்றிப் போனால் பதினொன்று.

மகனிடம் பேச வேண்டும் என்று நினைக்காத நாள் இல்லை. பையன் கொஞ்சம் வளரட்டும் என்றிருந்தார். வளர்ந்தான். பரீட்சை முடியட்டும் என்றிருந்தார். முடிந்தது. மகன் வெளியூரில் ஏசி மெக்கானிக் ஆனான். வருஷத்துக்கு இரண்டு முறை வந்து ஒரு நாள் இருப்பான். இரண்டு பேரும் எந்த பஸ் எத்தனை மணிக்கு என்று பேசிக்கொள்வார்கள். அந்தக் குரல் யாருடையது என்று சொன்னால் அது தன் காதில் விழுந்ததையும் சொல்ல வேண்டியிருக்கும். மகனுக்காக வாயைத் திறக்கவில்லையா, தனக்காகவா என்று அவரால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

ஓய்வு பெற்றதும் டிப்போ குடியிருப்பைக் காலி செய்ய வேண்டியிருந்தது. மூட்டை கட்ட மகன் வந்தான். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கட்டிலுக்கு அடியிலிருந்து தகரப் பெட்டியை இழுத்தான். உள்ளே முழுக்கக் கயிறு.

"இத்தனை கயிறு எதுக்குப்பா? இந்த வீட்டையே கட்டித் தூக்கிட்டுப் போயிடலாம் போல."

அவர் பக்கத்து அறையில் பீரோவின் கண்ணாடிக்குப் பழைய துணி சுற்றிக்கொண்டிருந்தார். பதில் சொல்ல வந்து பார்த்தபோது மகன் தரையில் உட்கார்ந்திருந்தான். மடியில் அந்த மதிப்பெண் நோட்டு.

"இது எப்ப எழுதினது?"

"பஸ்ல."

"திரும்பிப் போனதுக்கு அப்புறமா?"

"இல்ல. ரயில்வே கேட் வர்றதுக்கு முன்னாடி."

மகன் அந்த வரியை விரலால் தொட்டுக்கொண்டு மெதுவாகச் சொன்னான். கரண்டியைக் கல்லில் விட்டுவிட்டு வந்த கொசு, வரிசையில் நிற்கும்போது அழ ஆரம்பித்தான். ஐந்து மதிப்பெண் போய்விடும், கொடி போய்விடும். ஓடு, உன் எண்ணை நான் சொல்லிவிடுகிறேன் என்று இவன்தான் அனுப்பினான். எல்லோரும் ஏறும்போது கொசு பின் கதவு வழியாக வந்திருப்பான் என்று நினைத்தான். பஸ்ஸில் எல்லோரும் பாடிக்கொண்டிருந்தார்கள். பன் மிஞ்சும் வரை இவனும் பாடினான்.

"எனக்கு மட்டும்தான் தெரியும்னு இருந்தேன்ப்பா."

"உன்னைக் காப்பாத்தறதா நெனச்சேன்."

"என்னையா?" என்றான் மகன்.

அவர் கையிலிருந்த துணியைப் பார்த்தார். துவைத்து வெளுத்துப்போன பழைய ஸ்கார்ஃப் அது. எதை எடுத்துச் சுற்றுகிறோம் என்று கவனிக்காமல் சுற்றியிருக்கிறார்.

மனைவி சமையலறை வாசலில் ஈரக் கையோடு நின்றாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. அவளுக்கும் அன்றுதான் தெரிந்தது. கத்துவாள் என்று இரண்டு பேரும் காத்திருந்தார்கள்.

"அவ கடை அஞ்சரை வரைக்கும் திறந்திருக்கும்" என்றாள். "ரெண்டு பேரும் போங்க. என்னைக் கூப்பிடாதீங்க."

பதினாறு வருஷத்துக்குப் பிறகு அவர் அந்தத் தெருவில் நடந்தார். கடையில் மாற்றம் ஒன்றுமில்லை. மெஷின், கொக்கியில் தொங்கும் அளவு டேப், சுவரில் பள்ளிச் சட்டைகள். மெஷினுக்கு மேலே கொசுவின் படம். கொசுவின் அம்மா அவர்களைக் கண்டதும் எழுந்து ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"வீடு காலி பண்றீங்களாமே சார். தம்பி எப்ப வந்தான்? ஆள் இளைச்சுட்டான்."

உட்காரவில்லை. மகன்தான் சொன்னான். ஓரிடத்தில் அவன் நிறுத்தினான். மீதியை அவர் சொன்னார். ஏணி, முதுகு, கேட்டது, சிரித்தது. நோட்டை மெஷின் பலகையில் வைத்தார். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த ஒரு வரியை வெகுநேரம் படித்தாள்.

"அப்ப அவன் நம்பர் சொல்லலையா?"

"இல்ல அத்தை. அவன் வரிசையிலேயே இல்ல. நான்தான் சொன்னேன்."

"யாருக்கும் தெரியாம ஓடலையா?"

"நான்தான் போகச் சொன்னேன்."

அவள் தலையை ஆட்டினாள். திட்டுவாள் என்று அவர் எதிர்பார்த்தார், வேண்டியும் இருந்தார். அவள் இருவரையும் பார்க்கவே இல்லை.

"நான் அவனைத் திட்டிட்டே இருந்தேன்" என்றாள். "தினம் கடை திறந்ததும் திட்டுவேன். சொன்னதைக் கேட்டியாடான்னு கேப்பேன். பதினாறு வருஷமா கேட்டுட்டிருக்கேன்."

மகன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். நோட்டை மூடி அவரிடம் நீட்டப் போனவள், பிறகு நீட்டாமல் தன் பக்கமே வைத்துக்கொண்டாள்.

"நீங்க போங்க சார். நீயும் போடா."

அவர்கள் இறங்கியதும் ஷட்டர் பாதி வரை வந்தது, பிறகு முழுக்க. மணி ஐந்து பத்து. யாரும் கேட்காமலே அவர் கண் அதைப் பார்த்துவிட்டது.

உள்ளே அவள் பேச ஆரம்பித்திருந்தாள். வார்த்தை பிடிபடவில்லை. தாழ்ந்த குரல், இடையில் நிறுத்தி மறுபடி தொடங்கும் குரல். மகன் ஷட்டரில் கை வைத்தான், தட்டவில்லை. அவர் எதிர்ப்பக்கச் சுவரோரம் போய் நின்றார். அவள் பேசி முடிக்கட்டும் என்று இருவரும் தெருவின் இரண்டு பக்கமும் நின்றிருந்தார்கள். அவள் முடிக்கவில்லை.