மெனுவில் மட்டும் சீனம்

பன்னிரண்டு தலை எம்பிராய்டரி மெஷினில் அத்தனை ஊசியும் ஒன்றாக முறிந்தால் என்ன சத்தம் வரும் என்று எனக்குத் தெரியும். செல்லூரில் எங்கள் பட்டறையில் அது நடந்த அன்று மெஷினை ஓட்டியவர் பாண்டி அண்ணன். வேலை போனதும் அவருக்குத்தான். இன்று நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் அங்கே பஞ்சிங் பார்த்தேன். ஜாக்கெட் டிசைனை மெஷினுக்குப் புரிகிற ஃபைலாக மாற்றுகிற வேலை. மெஷின் சீனாவில் வாங்கியது. அதற்கான புது சாஃப்ட்வேரைக் கம்பெனிக்காரர்கள் தங்கள் சர்வரில் போட்டுவைப்பார்கள். நாம் எஃப்.டி.பி. என்கிற ஃபைல் இறக்கும் வழியில் இறக்கிக்கொள்ள வேண்டும். ஃபோல்டர் பெயரெல்லாம் சீன எழுத்து. எங்களிடம் இருந்த எஃப்.டி.பி. சாஃப்ட்வேரில் அவை புள்ளியும் கொம்புமாகச் சிதைந்து தெரிந்தன.

சீனம் வருகிற வேறொன்றைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை முதலாளி தன் மச்சினனிடம் கொடுத்தார். அந்த ஆளுக்கு மெஷினில் நூல் கோக்கக்கூடத் தெரியாது. எதையோ இறக்கி, மெனு முழுவதையும் சீனத்துக்கு மாற்றிப் பெருமையாகக் காட்டினார். செல்லூரில் அந்த மெனுவை யார் படிப்பது? ஃபோல்டர் பெயர்களோ பழையபடி சிதைந்தே கிடந்தன. மெனு எப்படி இருந்தால் என்ன, பெயர்கள்தான் சரியாக வரவேண்டும் என்றேன். டிசைன் வேலையை மட்டும் பார்க்கச் சொன்னார் மச்சினன்.

சர்வரில் இரண்டு ஃபோல்டர்கள் இருந்தன. ஒன்று எங்கள் மாடலுக்கு, மற்றது வேறு மாடலுக்கு. நம்முடையது எது என்று பாண்டி அண்ணன் கேட்டார்.

"மேல இருக்கிறத எடுங்கண்ணே. சாமியக் கும்பிட்டு ஏத்துங்க" என்றார் மச்சினன்.

எங்கள் பட்டறையில் எதை ஏற்றினாலும் மெஷினுக்குச் சூடம் காட்டி, எலுமிச்சம்பழம் வைத்துத்தான் ஏற்றுவோம். அன்றும் குறையில்லாமல் செய்தோம். எந்த ஃபோல்டர் என்பதைத்தான் யாரும் பார்க்கவில்லை. மெஷின் ஓடத் தொடங்கிய வேகத்தில் ஊசிகள் முறிந்தன. கல்யாண ஆர்டர் துணி கிழிந்தது. பாண்டி அண்ணன் தானாக எடுத்து ஏற்றிவிட்டார் என்று மச்சினன் கூசாமல் சொன்னார். முதலாளி பாண்டி அண்ணனைக் கணக்கை முடித்து அனுப்பினார்.

மறுநாள் காலையில் நானே வேறொரு எஃப்.டி.பி. சாஃப்ட்வேரைப் போட்டேன். சர்வரின் எழுத்து வகையைச் சீனத்துக்கு மாற்ற அதில் ஓர் இடம் இருந்தது. மாற்றியதும் பெயர்கள் சரியாக வந்தன. போன் கேமராவை நீட்டி மொழிபெயர்த்துப் பார்த்தால், கீழே இருந்ததுதான் எங்களுடையது. மொத்தமே பத்து நிமிட வேலை.

முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "சரிம்மா, இனிமே அதையே வச்சுக்க" என்றார். பாண்டி அண்ணனைத் திரும்பக் கூப்பிடலாமே என்று கேட்டதற்கு, "வீட்ல நான் சோறு திங்க வேணாமா?" என்று எழுந்து போய்விட்டார்.

அண்ணன் இப்போது சோழவந்தான் பக்கம் வெற்றிலைக் கொடிக்காலில் கூலிக்குப் போகிறார். உண்மை தெரிந்துவிட்டது என்று சொல்ல அவருக்குப் போன் செய்தேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

"மேல இருக்கிறத எடுன்னு அவரு சொன்னப்ப நீயும் பக்கத்துலதான தங்கச்சி நின்ன?" என்று கேட்டார்.

ஆமாம், நின்றேன். இதைப் படிக்கிற பிள்ளைகளே, எந்த சாஃப்ட்வேரானாலும் உங்கள் ஃபைலை வைத்து ஓட்டிப் பார்த்துவிட்டுத் தேர்ந்தெடுங்கள். பக்கத்தில் நிற்கிறவன்மேல் பழி விழுந்தால், அந்த இடத்திலேயே வாயைத் திறங்கள். மறுநாள் நான் திறந்து ஒரு பிரயோசனமும் இல்லை.