எலாடியோவின் இடத்தில் நிவால்தோ

நிவால்தோ அரென்சிபியா தன் வாழ்நாளில் முப்பத்தெட்டு வருடங்களை ஒரு பலகைக்குப் பின்னால் கழித்தவர். எங்கள் ஊர் பேஸ்பால் மைதானத்தில் ஸ்கோர் போர்டுக்குப் பின்புறம் ஒரு தகரக் கொட்டகை உண்டு. வெயில் நாளில் அதற்குள் அரைமணி இருந்தால் ஆளே அவிந்துபோவான். அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, எண் எழுதிய தகடுகளைக் கையால் மாட்டுவதும் கழற்றுவதுமாக, ஓர் இடுக்கு வழியே ஆட்டம் பார்த்தபடியே கிழவரானார். அவர் மாட்டிய எண்ணைப் பார்த்து ஊரே கத்தியிருக்கிறது. அவர் முகத்தைப் பார்த்தவர்கள் குறைவு. அதில் அவருக்கு வருத்தமும் இருந்ததில்லை.

ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு மிஞ்சியது மனைவி அம்பாரோவும் காலை நேரப் பூங்காவும்தான். பூங்காவில் லாரல் மரத்தடிப் பெஞ்சுகளில் கூடுகிற கிழவர்களுக்கு ஒரே வேலை, சண்டை. கியூபாவின் பெரிய பந்தெறிபவர் கோஸ்மே பசூல்தோவா, டெல்ஃபின் ஃபெரானா? இருவரும் ஆடுவதை நிறுத்திக் கால் நூற்றாண்டாகிறது. ஒருவர் பன்றி வளர்க்கிறார், இன்னொருவர் ஹவானாவில் மகள் வீட்டில் முட்டிவலியோடு இருக்கிறார். அவர்களே மறந்துபோன ஆட்டங்களை இவர்கள் பந்து பந்தாக ஒப்பிப்பார்கள். உருப்படாத வேலை என்று வீட்டுப் பெண்கள் சொல்வார்கள். எனக்கு அது கோயில் வேலை மாதிரிதான் தெரிந்தது.

நிவால்தோ பசூல்தோ கட்சி. எதிர்க்கட்சி எலாடியோ பூப்போ, கரும்பு ரயில் ஓட்டியவர். வேலையில் இருந்த காலத்திலிருந்தே முப்பத்தொரு வருடம் இருவரும் எதிரெதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்து மல்லுக்கு நின்றார்கள்.

"உன் பசூல்தோ ஒரு பந்து எறியறதுக்குள்ள என் வீட்டுல ஒரு பானை பீன்ஸ் வெந்து இறங்கிடும்டா" என்பார் எலாடியோ.

"வேகட்டும். உன் ஃபெரான் எறிஞ்ச பந்தை இன்னும் வேலிக்கு அந்தப் பக்கம் தேடிக்கிட்டு இருக்காங்க."

கடைசியில் நிவால்தோ எண்பத்திரண்டாம் வருட இறுதியாட்டத்தை எடுப்பார். நம் ஊர் மைதானம். ஒன்பது இன்னிங்ஸிலும், அடித்துவிட்டு ஓடிச் சேரும் ஹிட் ஒன்றைக்கூட எதிரணிக்குக் கொடுக்காமல் பசூல்தோ எறிந்து முடித்த ஆட்டம். ஃபெரான் வாழ்நாளில் அப்படி ஒன்று இல்லை. அதைச் சொன்னதும் எலாடியோ சுருட்டைக் கடித்துக்கொண்டு வாயை மூடிவிடுவார். முப்பத்தொரு வருடமும் அப்படித்தான்.

மார்ச் மாதம் ஒரு மதியத் தூக்கத்தில் எலாடியோ போய்ச் சேர்ந்தார்.

எங்கள் பூங்காவில் ஒரு வழக்கம் உண்டு. செத்தவரின் கட்சி ஒன்பது நாள் அனாதையாக இருக்கக் கூடாது. அவரோடு அதிகம் மோதியவர் யாரோ அவர்தான் செத்தவரின் இடத்தில் உட்கார்ந்து, அவருக்காக வாதாட வேண்டும். அந்த இடத்தில் இருக்கும்வரை எல்லோரும் அவரைச் செத்தவர் பெயரால்தான் கூப்பிடுவார்கள். கூட்டத்தின் தலைவர் சானோ, பழைய அம்பயர். அவர் விரலை நீட்டியதும் நிவால்தோ முணுமுணுத்தபடி எதிர்ப் பெஞ்சுக்குப் போனார்.

முதல் இரண்டு நாள் ஒரே சிரிப்பு. ஃபெரானைப் புகழும்போது நிவால்தோவின் முகம் விளக்கெண்ணெய் குடித்தவன் முகம் மாதிரி இருந்தது. மூன்றாம் நாள் அவர் சாதாரணமாகச் சொன்னார்:

"குவாந்தானாமோ ஆட்டத்துல ஃபெரானுக்கு நடுவிரல் கிழிஞ்சுபோச்சு. யாருக்கும் தெரியக் கூடாதுன்னு கையுறைக்குள்ள ரத்தத்தைத் துடைச்சுத் துடைச்சு எறிஞ்சான்."

சிரித்துக்கொண்டிருந்த குண்டு லிபோரியோ நிறுத்தினார். "இது உனக்கு யாருய்யா சொன்னா?"

"ஏன்?"

"அன்னிக்கு எலாடியோவும் நானும்தான் வேலி ஓரமா நின்னு பாத்தோம். வெளிய சொல்ல வேணாம்னு ஃபெரானே கேட்டுக்கிட்டான். நாங்க யாருக்கும் சொல்லலையே."

நிவால்தோ குவாந்தானாமோ பக்கம் போனதே கிடையாது. அந்த வாக்கியம் எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. நாக்கு தானாகப் புரண்டதுபோல் இருந்தது. அதற்கப்புறம் தினமும் இரண்டு மூன்று வந்தன. அவர் கண்ணால் காணாத மைதானங்கள், பெயரே கேள்விப்படாத ஆட்டக்காரர்கள். லிபோரியோ ஒவ்வொன்றுக்கும் மெல்லத் தலையாட்டினார். ஒருவரும் சிரிக்கவில்லை.

ஆறாம் நாள் வாய் வேறு திசையில் போனது. "எண்பத்திரண்டாம் வருஷ ஆட்டத்துல, ஏழாவது இன்னிங்ஸ்ல, அந்தக் கொட்டகை டெலிபோன் ரெண்டு தடவ அடிச்சுதே..."

நிவால்தோ நாக்கைக் கடித்துக்கொண்டார். ரத்தம் வந்தது. தலைசுற்றல் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

அந்த டெலிபோன் அடித்தது உலகத்தில் இரண்டே பேருக்குத் தெரியும். ஏழாவது இன்னிங்ஸில் ஒரு பந்து தரையோடு பாய்ந்து, தடுக்க வந்தவன் விரலைத் தட்டிக்கொண்டு போனது. அடித்தவன் முதல் பேஸுக்கு ஓடிப்போய்ச் சேர்ந்துவிட்டான். அது அடித்தவனின் திறமையா, தடுத்தவனின் தப்பா என்று தீர்ப்புச் சொல்வது மேலே உட்கார்ந்திருக்கும் ஸ்கோரர். அவர் டெலிபோனில் "ஹிட்" என்றார். தெளிவாகத்தான் சொன்னார். பசூல்தோவை உயிராக நேசித்த நிவால்தோ, தப்பு என்ற பக்கத்தில் தகட்டை மாட்டினார். மைதானம் எழுந்து நின்று ஆர்ப்பரித்தது. டெலிபோன் இரண்டு தடவை அடித்தது. அவர் எடுக்கவில்லை. பன்னிரண்டாயிரம் பேர் சந்தோஷத்துக்கு முன்னால் ஸ்கோரரும் பேசாமல் அப்படியே எழுதிவிட்டார். அடுத்த வருடமே அவர் செத்துப்போனார். அம்பாரோவுக்குக்கூட இது தெரியாது. இந்த விஷயம் வெளியே வந்தால் பசூல்தோவின் பெரிய ஆட்டம் போயிற்று. அதோடு, ஒரு நண்பனை முப்பத்தொரு வருடம் பொய்யால் வாயடைத்தவன் என்று நிவால்தோ இந்த ஊரில் நடமாட வேண்டியிருக்கும்.

ஏழாம் நாள் அவர் கட்டிலை விட்டு எழவில்லை. அம்பாரோ காப்பியோடு வந்து நின்றாள்.

"என்ன கிழவா, பூங்காவுக்குப் போகலையா?"

"உடம்பு சரியில்ல."

"செத்தவன பாதிப் பேச்சுல விட்டுட்டு வந்தா அவன் எங்க போவான்? நேரா நம்ம வீட்டுக்குத்தான் வருவான். எழுந்து போ."

போனார். அன்றும் மறுநாளும் உதட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஒன்பதாம் நாள் வழக்கத்தைவிட அதிகக் கூட்டம். சானோ எழுந்தார்.

"எலாடியோ, ஒன்பது நாள் ஆச்சு. கடைசி வார்த்தையைச் சொல்லிடு."

நிவால்தோ கண்ணை மூடிக்கொண்டார். மானம் போகப் போகிறது என்று தெரிந்தது. வாய் திறந்தது. வந்த குரல் கரகரத்த சுருட்டுக் குரல்.

"பசூல்தோதான் பெரியவன். ஒத்துக்கறேன். அந்த எண்பத்திரண்டாம் வருஷ ஆட்டத்துக்கு என்கிட்ட பதில் இல்ல."

எலாடியோவுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்தே விட்டுக்கொடுத்துவிட்டுப் போகிறார். உயிரோடு இருந்தபோது ஒரு பந்துகூட விட்டுத்தராத மனுஷன். நிவால்தோவால் அதைத் தாங்க முடியவில்லை. கண்ணீர் பொங்கியது.

"பொய்" என்றார் தன் சொந்தக் குரலில். "அது ஹிட்டு. ஏழாவது இன்னிங்ஸ்ல விழுந்தது ஹிட்டு. ஸ்கோரர் சொன்னாரு. நான்தான் தகட்ட மாத்தி மாட்டினேன்."

லிபோரியோ தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். "பாத்தீங்களாய்யா? ஒத்துக்கற மாதிரி ஒத்துக்கிட்டு கால வார்றான். செத்தும் எலாடியோ திருந்தல."

"நான் நிவால்தோ. நான் சொல்றேன்."

"அந்த இடத்துல இருக்கற வரைக்கும் நீ எலாடியோ" என்றார் சானோ கனிவாக. "எழுந்து உன் இடத்துக்கு வந்து சொல்லு."

நிவால்தோ எழுந்தார். இரண்டு எட்டு வைத்து, தன் பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு வார்த்தை விடாமல் மறுபடி சொன்னார். டெலிபோன், தகடு, எல்லாம். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. லிபோரியோ மெல்ல நகர்ந்து தள்ளி உட்கார்ந்தார். சானோ தொப்பியைக் கழற்றினார். அவர் பார்வை நிவால்தோவின் முகத்தில் இருந்தது, ஆனால் பேசியது நிவால்தோவோடு அல்ல.

"போதும் எலாடியோ. அந்த மனுஷன விட்டுட்டுப் போயிடு."

அதற்குப் பிறகும் அவர் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தார். எந்தப் பெஞ்சில் உட்கார்ந்து சொன்னாலும் "சரி எலாடியோ" என்றுதான் பதில் வந்தது. இப்போது அவர் தினமும் போய் உட்காருவது எலாடியோவின் இடத்தில். ஃபெரானுக்காகத்தான் வாதாடுகிறார். அந்த ஆட்டத்தின் உண்மையைச் சொல்ல அவருக்கு மிஞ்சியிருப்பது அந்த ஒரு பெயர்தான். யாராவது அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறார்.