பிழை இல்லாத பக்கம்

'பிழை ஏதும் இல்லை' என்று பச்சைப் பட்டையில் ஆங்கிலத்தில் அச்சான ஒரு தாள். அதிராம்பட்டினத்து அக்கா அதை லேமினேஷன் செய்து, மடங்காமல் பையில் வைத்துக்கொண்டு தஞ்சாவூருக்கு வருவார்.

வளைகுடாவுக்குப் படகு வேலைக்குப் போன அவருடைய தம்பியிடமிருந்து இரண்டு வருஷமாகத் தகவல் இல்லை. அவனோ, கூட இருந்தவர்களோ தேடினால் கண்ணில் படட்டும் என்று, நான் வேலை பார்த்த பிரௌசிங் சென்டரில் ஒரு இணையப் பக்கம் செய்து தரக் கேட்டார். பெயர், ஊர், போட்டோ, அக்கா வீட்டு போன் நம்பர், அவ்வளவுதான். இணையப் பக்கம் எழுதும் ஹெச்.டி.எம்.எல். மொழியை அப்போதுதான் கற்றிருந்த எனக்குத் தலைகால் புரியவில்லை. நிரலில் ஒரு பிழைகூட இல்லாவிட்டால் தேடுபொறி நம்மை முதலில் காட்டும் என்று அடித்துச் சொன்னேன். மூன்று நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் திருத்தி, பிழை பார்க்கும் தளத்தில் பச்சை வாங்கி, அதை அச்சடித்துக் கொடுத்தேன். என்ன திமிர் எனக்கு!

பக்கம் தேடலில் வரவே இல்லை. வெள்ளிக்கிழமைதோறும் அக்கா பஸ் ஏறி வந்து, பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, நான் தம்பியின் பெயரைத் தட்டுவதைப் பார்ப்பார். திரையில் வேறு யார் யாரோ வருவார்கள். ஒருநாள் அந்தத் தாளை மேஜையில் வைத்தார்.

"தப்பே இல்லன்னுதானே தம்பி இதுல போட்டிருக்கு? அப்புறம் ஏன் அவன் வர மாட்டேங்குறான்?"

கொஞ்ச நாள் ஆகும்க்கா என்று மழுப்பினேன். பிறகு அவர் வருவது குறைந்து, நின்றும் போனது.

பிழைக்கும் முதலிடத்துக்கும் பெரிய சம்பந்தம் இல்லை என்பது பெங்களூருக்கு வேலைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. அரைகுறை நிரலோடு எத்தனையோ பக்கங்கள் ஜம்மென்று மேலே நிற்கின்றன. நான் செய்த தப்பு வேறு. கடையில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற பழைய தமிழ் எழுத்துருவிலேயே அவன் பெயரை அடித்திருந்தேன். நம் கண்ணுக்கு அது தமிழ். தேடுபொறிக்கோ அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் குவியல். தலையில் அடித்துக்கொண்டேன். அன்றே எல்லாக் கணினிக்கும் புரிகிற யூனிகோடில் மாற்றி அடித்தேன். சில வாரங்களில் அவன் பெயரைத் தேடினால் எங்கள் பக்கம்தான் முதலில் வந்தது.

அக்காவிடம் சொல்லக் கூப்பிட்டேன். அந்த நம்பர் உபயோகத்தில் இல்லை. நேரில் போனேன். வீட்டில் வேறு யாரோ குடியிருந்தார்கள். அக்கா போன இடம் யாருக்கும் தெரியவில்லை. திரும்பி வந்து, இணையப் பக்கத்தில் அக்கா நம்பர் இருந்த இடத்தில் என் நம்பரைப் போட்டேன்.

பெங்களூரில் இந்த ஒற்றை அறையில் எனக்கு வருகிற அழைப்புகள் பெரும்பாலும் கிரெடிட் கார்டு விற்பவர்களுடையவை. ஒன்றையும் விடாமல் எடுக்கிறேன். அந்தப் பச்சைத் தாள் இன்னும் அக்காவிடம் இருக்குமோ என்னவோ. என்றாவது அவன் கூப்பிடுவான். அக்கா எங்கே என்றுதான் முதலில் கேட்பான்.